பரு முகத்துக்கும் எண்ணெய் ஆகும்: கலக்கவும் கழுவவும் சில குறிப்புகள்

முகத்தில் பரு வரும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் முதலில் விழும் தடை எண்ணெய்தான். வடை சாப்பிடாதே, தலைக்கு வைக்காதே, முகத்துப் பக்கமே கொண்டுபோகாதே என்பார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் சன்ஸ்கிரீன், தண்ணீரில் அழியாத கண்மை, பவுண்டேஷன், வண்டிப்புகையோடு கலந்த முகப்பிசுக்கு எல்லாமே எண்ணெய்ச் சார்புள்ளவை. வெறும் தண்ணீருக்கு அவை அசைவதில்லை. சோப்பைப் போட்டு மூன்று தடவை தேய்த்தால் போகும். கூடவே முகம் காய்ந்து இழுக்கும், பரு இருக்கிற இடம் எரியும். அதே அழுக்கை ஒரு சிறிய கரண்டி எண்ணெய் அரை நிமிடத்தில் கரைத்துவிடும். எண்ணெய் முகத்தில் படுவதால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அங்கேயே தங்கிவிடுவதுதான் கெடுதல். அதனால்தான் இந்தக் குறிப்புகளில் கலக்குவதற்கு எவ்வளவு இடமோ, கழுவுவதற்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன். இது முகம் கழுவும் எண்ணெய் மட்டுமே. பருவுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1. வந்திருப்பது பருதானா என்று முதலில் பாருங்கள். நெற்றி, மார்பு, முதுகு என்று கடுகு தெளித்ததுபோல் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, அரிப்பும் இருந்து, கரும்புள்ளி ஒன்றுகூட இல்லையென்றால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். மலசீசியா என்ற அந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் இருப்பதுதான். வியர்வைக் காலத்தில் மயிர்க்கால்களுக்குள் பெருகிக்கொள்ளும். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள்தான் அதற்கு ஆகாரம். சமையலறையில் இருக்கும் எந்த எண்ணெயைப் பூசினாலும் அதற்குத் தீனி போட்ட கணக்கு. இப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பூஞ்சைக்கான மருந்து வேறு.

2. முகத்துக்கு எண்ணெய் கலக்குவதற்கு முன் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் கவனியுங்கள். நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும் கன்னப்பொட்டிலும் மட்டும் வரிசையாகப் பரு வருகிறதென்றால் பெரும்பாலும் அது தலையிலிருந்து வழிந்த தேங்காய் எண்ணெயின் வேலை. தோல் மருத்துவத்தில் இதற்குத் தனிப்பெயரே உண்டு: பொமேட் பரு. 1970-ல் அமெரிக்காவில் தலைக்கு எண்ணெய்ப்பசை பூசுகிறவர்களிடம் கண்டு எழுதினார்கள். நம் ஊர் நெற்றிகளுக்கும் அப்படியே பொருந்தும். காலையில் எண்ணெய் வழிய வாரிப் பின்னி, வெயிலில் பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்தை மாற்றினாலே சில பிள்ளைகளுக்கு நெற்றி தெளிந்துவிடும். தலைக்கு வேண்டுமென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடலாம். தலையணை உறையை வாரத்துக்கு இரண்டு தடவையாவது மாற்றுங்கள்.

3. எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு என் பதில் சூரியகாந்தி. காரணம் இருக்கிறது. பரு உள்ளவர்களின் முகச்சுரப்பில் லினோலிக் அமிலம் குறைவாக இருப்பதை 1986-ல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். அது குறையும்போது துளையின் உள்விளிம்பில் தோல் தடித்து அடைத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். வெளியிலிருந்து லினோலிக் உள்ள எண்ணெயைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆனால் எப்படியும் ஏதோ ஓர் எண்ணெயைத் தொடப்போகிறோம், அது லினோலிக் கூடுதலாக, ஒலிக் அமிலம் குறைவாக உள்ளதாக இருக்கட்டும் என்பது நியாயமான தேர்வு. சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் ஏறக்குறைய 60 சதவீதம். குசும்பா எண்ணெயிலும் திராட்சை விதை எண்ணெயிலும் 70 சதவீதத்தைத் தொடும். அவை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டியதில்லை; லேசாக இருக்கிறது, வாடை இல்லை, மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது என்ற மூன்று காரணங்களுக்காகவே சூரியகாந்தி போதும்.

4. வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 100 கிராமில் எவ்வளவு என்று ஊட்டச்சத்துப் பட்டியல் இருக்கும். அதில் பாலி அன்சாச்சுரேட்டட் என்ற வரியில் 55, 60 என்று எண் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. மோனோ அன்சாச்சுரேட்டட் வரியில் 70, 80 என்று இருந்தால் அது ‘ஹை ஒலிக்’ வகை. வறுக்கப் பொரிக்க நல்லது, இந்த வேலைக்கு வேண்டாம். இரண்டு மூன்று எண்ணெய்களைக் கலந்து விற்கும் ‘பிளெண்டட்’ பாக்கெட்டுகளையும் விட்டுவிடுங்கள்.

5. மரச்செக்கு எண்ணெய்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். சாப்பாட்டுக்கு அவரவர் விருப்பம். முகத்துக்கு ரீஃபைண்ட் எண்ணெயே மேல் என்பேன். இரண்டிலும் லினோலிக் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். செக்கு எண்ணெயில் அடியில் மண்டி தங்கும், விதையின் வாடை இருக்கும், சீக்கிரம் சிக்கு பிடிக்கும். உணவில் இழப்பாகக் கருதப்படும் சுத்திகரிப்பு இங்கே நமக்கு வசதி.

6. அடுத்தது, சூரியகாந்தியோடு கலக்க வேண்டிய விளக்கெண்ணெய். அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் என்ற ஒரே அமிலம். எண்ணெய் பிசுபிசுவென்று கெட்டியாக இருப்பதற்கு அதுதான் காரணம். பிடிப்பு அதிகம் என்பதால் கண்மையையும் சன்ஸ்கிரீனையும் நன்றாக இழுத்துக்கொண்டு வரும். ஆனால் தனியாகப் பூசினால் முகத்தில் இழுபடும், துடைத்தாலும் போகாது, சிலருக்குத் தோல் காய்ந்தும் போகும். பத்தில் ஒரு பங்கு போதும். முகம் நன்றாக எண்ணெய் வழியும் வகையென்றால் பத்தில் இரண்டு பங்கு. அதற்கு மேல் போட வேண்டாம்.

வாங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. பூஜைச் சாமான் கடையில் தொங்கும் தீப எண்ணெய் பாட்டில் வேறு, இது வேறு. அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மணமும் நிறமும் சேர்த்திருப்பார்கள். மருந்துக் கடையில் ஐ.பி. என்று அச்சிட்ட சின்ன பாட்டில் கிடைக்கும். வயிற்றுக்குக் கொடுப்பதற்காகத் தயாரித்தது என்பதால் சுத்தமாக இருக்கும். நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும்.

7. மற்ற எண்ணெய்களைப் பற்றிச் சுருக்கமாக. தேங்காய் எண்ணெய் பரு முகத்துக்கு வேண்டாம். அதில் பாதியளவு லாரிக் அமிலம், பலருக்குத் துளையை அடைக்கிறது. ஆலிவ் எண்ணெயில் ஒலிக் 70 சதவீதம் அளவுக்கு இருப்பதால் அதுவும் இந்த முகத்துக்குப் பொருந்தாது. கடுகெண்ணெய் எரியும். நல்லெண்ணெயில் லினோலிக்கும் ஒலிக்கும் கிட்டத்தட்ட சரிபாதி, நடுவாந்தரம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் முகத்துக்கும் தேய்த்து இதுவரை ஒன்றும் ஆகாதவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். ஜொஜோபா உண்மையில் எண்ணெய் இல்லை, திரவ மெழுகு. எளிதில் கெடாது, விலைதான் கையைக் கடிக்கும். மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் மீது பலருக்கும் பயம். சுத்திகரித்த பாரஃபின் துளையை அடைப்பதில்லை, கெட்டுப்போவதில்லை, மேலே சொன்ன பூஞ்சைக்கு அது ஆகாரமும் இல்லை. பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பலரும் எந்த எண்ணெய் அடைக்கும் என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்களில் பெரும்பகுதி முயல் காதின் உட்புறத்தில் பூசிப் பார்த்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பட்டியலைச் சும்மா ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8. இனி அளவு. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவி, துடைத்து, முழுக்கக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெய் 40 மில்லி, விளக்கெண்ணெய் 5 மில்லி, பாலிசார்பேட் 80 என்ற பொருள் 5 மில்லி. மொத்தம் 50 மில்லி. அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்கினால் முடிந்தது. பாலிசார்பேட் கிடைக்காதவர்கள் சூரியகாந்தியை 45 மில்லியாக்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் கழுவும் முறை மாறும், 15-ஆவது குறிப்பில் சொல்கிறேன்.

ஒரு தடவைக்கு 2 முதல் 3 மில்லி ஆகும். தினமும் போட்டால் இருபது நாளைக்கு வரும். அதற்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

9. பாலிசார்பேட் 80 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்தக் கலவையின் உயிரே அதில்தான் இருக்கிறது. தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். ட்வீன் 80 என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அதன் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய முகத்தில் ஈரக்கையை வைத்ததும் கலவை பால்போல வெளுத்து, தண்ணீரோடு சேர்ந்து வழிந்து போய்விடும். ஒப்பனைக் கலைஞர் ஷூ உயெமுரா 1967-ல் ஜப்பானில் கொண்டுவந்த கழுவும் எண்ணெய் முதல் இன்று கடையில் நல்ல விலைக்கு விற்கும் பாட்டில்கள் வரை எல்லாவற்றிலும் இதைப் போன்ற ஏதோ ஒரு பால்மமாக்கி இருக்கிறது. வீட்டுக் குறிப்புகளில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ‘எண்ணெய் போட்டேன், பரு அதிகமாகிவிட்டது’ என்ற புகார்களில் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. சோப்பு, ஷாம்பு தயாரிக்கும் மூலப்பொருள் கடைகளில் 100 கிராம் பாக்கெட்டாகவே கிடைக்கும். கலவையை ஓரிடத்தில் வைத்துவிட்டால் இது கொஞ்சம் அடியில் பிரியலாம். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

10. பாட்டிலுக்குள் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் போகக்கூடாது. பன்னீர், கற்றாழைச் சாறு, எலுமிச்சைச் சாறு, வேப்பிலைக் கஷாயம் எதுவும் வேண்டாம். வெறும் எண்ணெயில் கிருமி வளராது, ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் வளரும். மஞ்சள் தூளும் வேண்டாம். அது கரையாமல் அடியில் தங்கும், துளைகளில் போய் உட்காரும், துண்டையும் தலையணையையும் கறையாக்கும்.

11. டீ ட்ரீ எண்ணெய் சேர்க்கலாமா? 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன; டீ ட்ரீ மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார்கள். அது முகத்திலேயே விட்டுவைக்கும் ஜெல். நாம் செய்வதோ ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் எண்ணெய். அதில் டீ ட்ரீ போட்டால் கிடைப்பது வாசனைதான், கூடவே பழைய பாட்டிலாக இருந்தால் ஒவ்வாமையும் வரும். லவங்கம், பட்டை, எலுமிச்சை வாசனை எண்ணெய்களை நினைக்கவே வேண்டாம்.

12. வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்து விட்டால் எண்ணெய் கெடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் டோக்கோஃபெரில் அசிடேட். உடம்புக்குள் போய்ப் பிரிந்தபிறகுதான் அது வேலை செய்யும். பாட்டிலுக்குள் எண்ணெயைச் சிக்குப் பிடிக்காமல் காக்கும் சக்தி அந்த வடிவத்துக்குக் கிடையாது. அட்டையில் அசிடேட் என்று இருந்தால் பிழிந்து பயனில்லை, பிசுபிசுப்புதான் கூடும்.

13. லினோலிக் கூடுதலாக உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு பிடிக்கும். அதற்குக் கொடுக்கிற விலை இது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எதிரி. பழுப்பு நிறக் கண்ணாடி மருந்து பாட்டில் இருந்தால் நல்லது. வாய் அகன்ற டப்பா கூடாது, விரலை விட்டு எடுக்கத் தோன்றும். ஈரம் இருக்கும் குளியலறை அலமாரியைவிட படுக்கையறை அலமாரி மேல். மூடியைத் திறந்ததும் பழைய முறுக்கு டப்பாவின் வாடை வந்தால் அதை முகத்தில் போடாதீர்கள். சிக்குப் பிடித்த எண்ணெயில் உண்டாகும் பெராக்சைடுகள் தாங்களே தோலை உறுத்தும். வடை சுட்ட எண்ணெய் மிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

14. புதுக் கலவையை நேரே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கை மடிப்பில் பூசி இரண்டு நாள் பாருங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் தாடையோரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஒரு வாரம் பயன்படுத்துங்கள். கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் முந்தின நாள் தொடங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

15. போடும் முறை. கை காய்ந்திருக்க வேண்டும், முகமும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பாலிசார்பேட் முதலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அழுக்கு அப்படியே நிற்கும். அரைத் தேக்கரண்டி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கையிலும் பரப்பி, கன்னம், நெற்றி, மூக்கோரம், தாடை என்று விரல்நுனியால் வட்டமாக உருட்டுங்கள். நிமிடம் ஒன்றைத் தாண்ட வேண்டாம். மூக்கோரத்தில் ரவை மாதிரி சின்னதாகத் தட்டுப்படும், உடனே ‘கரும்புள்ளி வெளியே வருகிறது’ என்று கால் மணி நேரம் தேய்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது உரிந்த தோலும் சன்ஸ்கிரீன் துகளும்தான். தேய்க்கத் தேய்க்கச் சீழ்ப்பரு உடைந்து பரவும்.

பிறகு கையை மட்டும் நனைத்து முகத்தில் வைத்து இன்னொரு சுற்று உருட்டுங்கள். வெள்ளையாக மாறும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, மறுபடி உருட்டி, அதன்பிறகு வெதுவெதுப்பான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். கன்னத்தில் கழுவியாயிற்று என்று தோன்றினாலும் தாடைக்குக் கீழும் காதோரமும் முடி ஓரமும் பசை நின்றிருக்கும். விரலை வைத்துப் பாருங்கள், வழுக்கினால் மீண்டும் அலசுங்கள்.

பாலிசார்பேட் சேர்க்காதவர்களுக்கு: பழைய வேட்டியிலிருந்து கிழித்த மெல்லிய பருத்தித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முகத்தில் ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுங்கள். ஒரு தடவை துணியை அலசி இன்னொரு தடவை. ஆவி பிடிப்பதும் கொதிக்கும் துண்டைப் போர்த்துவதும் பரு முகத்துக்கு வேண்டாம், சூட்டில் வீக்கமும் சிவப்பும் கூடும். ஒரு துணியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாமல், ஏழெட்டுத் துண்டுகளாகக் கிழித்து வைத்துக்கொண்டு, சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

16. எண்ணெயோடு நிறுத்தாமல் மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு தடவை கழுவுங்கள். பரு முகத்துக்கு இந்த இரண்டாவது கழுவல் கட்டாயம். நுரை அதிகம் வருவதுதான் நல்லது என்றில்லை.

ஃபேஸ்வாஷ் வேண்டாம் என்பவர்களுக்குப் பயத்தம் மாவு இருக்கிறது. எண்ணெய் தேய்த்தபின் சீயக்காயும் அரப்பும் பயத்தம் மாவும் போட்டுக் குளிப்பதில் நம் வீட்டுப் பெரியவர்கள் குறிவைத்தது எண்ணெயை மிச்சமில்லாமல் எடுப்பதைத்தான். சீயக்காயில் இருக்கும் சபோனின் இயற்கையாகவே நுரைக்கும். மாவு எண்ணெயை உறிஞ்சும். ஆனால் சீயக்காயை முகத்துக்கு எடுக்க வேண்டாம், கண்ணில் பட்டால் படாதபாடு. பயத்தம் மாவை மிஷினில் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, குழைத்து, ஒற்றிக் கழுவ வேண்டும். நறநறவென்று இருந்தால் பருவின் மேல் கீறும். பூசிக் காயவைத்து உரித்தெடுப்பதும் கூடாது.

17. வீட்டில் போர்வெல் உப்புத்தண்ணீர்தானா? சோப்புக்கட்டியும் உப்புத்தண்ணீரிலுள்ள கால்சியமும் சேர்ந்து கரையாத ஒரு மாவுப்படலமாகி முகத்திலேயே ஒட்டும். பக்கெட்டின் ஓரத்தில் படிகிற வெள்ளைப் பிசுக்கு அதுதான். பாலிசார்பேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, உப்புத்தண்ணீரிலும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும். ‘சோப் ஃப்ரீ’ என்று போட்ட ஃபேஸ்வாஷும் அப்படித்தான். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

18. ஸ்டிக்கர் பொட்டின் கோந்து நெற்றியில் கறுத்து ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு இந்த எண்ணெய், பத்து எண்ணும் வரை வைத்திருந்து வழித்தால் வந்துவிடும். நாட்டியம் ஆடும் பெண்களுக்கும் இது உதவும். அரங்கேற்றம் முடிந்ததும் அந்தத் தடித்த பான்கேக் மேக்கப்பை எடுக்கப் பச்சைத் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் முக்கித் துடைத்துவிட்டு, அசதியில் அப்படியே படுத்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாடையெல்லாம் மொட்டு மொட்டாக நிற்கும். கண்மையை எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் ஒற்றி எடுங்கள். உள்ளே போனால் பார்வை கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

19. இரவில் மட்டும் போதும். அதுவும் சன்ஸ்கிரீனோ மேக்கப்போ போட்ட நாளில். வீட்டிலேயே இருந்த நாளில் ஃபேஸ்வாஷ் போதும். காலையில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. தொடக்கத்தில் வாரம் இரண்டு தடவை, ஒத்துக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள்.

20. மருத்துவர் கொடுத்த அடபலீனோ பென்சாயில் பெராக்சைடோ பூசுகிறவர்கள், முகத்தில் எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் கழுவி, நன்றாக உலரவிட்டு, பிறகு பூச வேண்டும். பசைமேல் பூசினால் மருந்து சரியாகச் சேராது. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் மெலிந்து காய்ந்திருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தேய்க்க வேண்டாம்.

21. ‘முதலில் பரு கூடும், அழுக்கெல்லாம் வெளியே வருகிறது, தாங்கிக்கொள்’ என்று சொல்வார்கள். அடபலீன் போன்ற மருந்துகளில் அப்படி நடப்பதுண்டு. கழுவிவிடுகிற எண்ணெய்க்கு அந்தக் கணக்கு இல்லை. புதிய இடத்தில் மொட்டுகள் வந்தால் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், நிறுத்திவிடுங்கள். இன்னொரு விஷயம்: துளை அடைத்துப் பருவாகத் தெரிய சில வாரங்கள் ஆகும். அதனால் முதல் வாரம் முகம் பளபளப்பாக இருந்ததை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். ஆறு வாரம் பாருங்கள்.

22. ஆழத்தில் கட்டிகட்டியாக வந்து வலிக்கும் பரு, குழி விழும் பரு, மாதவிடாய் தள்ளிப்போவதோடும் தாடையில் முடி வளர்வதோடும் சேர்ந்து வரும் பரு: இவற்றுக்கு எண்ணெயும் மாவும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். சிவப்பாக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்ன டியூப் கிரீமை மாதக்கணக்கில் பூசிவந்திருந்தால் அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பருவுக்குக் காரணமே அதுவாக இருக்கும். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

23. இருபது நாள் தாண்டி மிச்சமாகிப்போன எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் பிசுக்கு ஏறும். புது எவர்சில்வர் பாத்திரத்தில் உரிக்க வராத விலைச் சீட்டின்மேல் தடவிக் கால் மணி நேரம் விட்டு, பழைய துணியால் துடைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள். கோந்து சுத்தமாக வந்துவிடும். அதற்கும் மேல் மிஞ்சினால் செய்தித்தாளில் ஒற்றிக் குப்பையில் போடுங்கள்.